உங்களுக்குத் தெரியுமா? கோயில்களைக் காகிதத்தில் ஏற்றிய கேப்டன் டிரைப்

தஞ்சைப் பெரிய கோயிலும் மதுரைப் புது மண்டபமும் 1858-ல் எப்படி இருந்தன என்பதை இன்று நாம் கண்ணாரப் பார்க்க முடிகிறது. அதற்குக் காரணம் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி. கோபுரம், தூண், சிற்பம், கல்வெட்டு ஆகியவற்றைப் படம் எடுப்பதையே அரசு உத்தியோகமாகச் செய்தவர். தமிழ்நாட்டில் அவர் பெயரைச் சொன்னால் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அவருக்கே.

யார் இந்த டிரைப்?

● இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன்போர்ட் என்ற துறைமுக ஊரில் 1822-ல் பிறந்தார். 1838-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 12-வது சென்னைச் சுதேசி காலாட்படை அவருடைய பிரிவு.

● அவர் படையில் சேர்ந்தபோது புகைப்படம் என்ற ஒன்றே உலகத்துக்கு அறிமுகமாகவில்லை. பாரிஸில் டாகேர் என்பவரின் புகைப்படக் கண்டுபிடிப்பு வெளியானது அதற்கு அடுத்த ஆண்டு, 1839-ல்தான்.

● 1850-களின் தொடக்கத்தில் விடுப்பில் ஊருக்குப் போனபோதுதான் கேமராவைப் பழகினார். லண்டன் புகைப்படச் சங்கம் 1853-ல் தொடங்கியது. அந்த ஆண்டே அதில் உறுப்பினரானார்.

● 1854-ல் இந்தியா திரும்பினார். பெங்களூரில் முகாம். அந்த டிசம்பரிலேயே ஆண்ட்ரூ நீல் என்ற மருத்துவருடன் ஹளேபீடுக்கும் பேலூருக்கும் கிளம்பிவிட்டார். ஹொய்சளர் காலத்துச் சிற்பங்கள் நிறைந்த அந்தக் கோயில்கள்தான் இந்தியாவில் அவருடைய முதல் பெரிய வேலை.

● அடுத்த ஆண்டு சென்னையில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. டிரைப் 68 படங்களை வைத்தார். முதல்தரப் பதக்கம் கிடைத்தது. அந்தக் கோயில்களை அதற்கு முன் யாரும் படம் எடுத்துக் காட்டியதில்லை.

பர்மா மன்னரைத் தேடி

● 1855-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பர்மா மன்னர் மின்டோனிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். தலைவர் ஆர்தர் ஃபேர். குழுவில் ஓவியர் ஒருவர் உண்டு, கோல்ஸ்வொர்தி கிரான்ட். புகைப்படக்காரராக டிரைப். ஒரே கோயிலை ஒருவர் பென்சிலாலும் மற்றவர் கேமராவாலும் பதிவுசெய்த பயணம் அது.

● ஐராவதி ஆற்றில் நீராவிக் கப்பலில் மேலே போனார்கள். பகான் கோயில்கள், தலைநகர் அமரபுரா, மர வேலைப்பாடு மிகுந்த பௌத்த மடங்கள் என இருநூறுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களுடன் டிரைப் திரும்பினார். பர்மாவைக் காட்டும் மிகப் பழைய படங்களில் இவையும் அடங்கும்.

● பெங்களூர் வந்ததும் 120 படங்கள் கொண்ட தொகுப்பாக ஐம்பது பிரதிகள் தயாரித்தார். கணக்குப் போட்டால் ஆறாயிரம் அச்சுகள். ஒவ்வொன்றையும் வெயிலில் வைத்து, கழுவி, நிறமேற்றி, உலர்த்தி எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் இயந்திரம் கிடையாது. எல்லாமே கைவேலை.

மெழுகு பூசிய காகிதம்

● டிரைப்பின் நெகட்டிவ்களில் பெரும்பாலானவை கண்ணாடியில் எடுத்தவை அல்ல, காகிதத்தில் எடுத்தவை. மெல்லிய காகிதத்தில் தேன்மெழுகை ஊறவைத்து ஒளி ஊடுருவும்படி செய்வார்கள். பிறகு அயோடைடு கரைசல், வெள்ளி நைட்ரேட். படம் எடுத்த பின் காலிக் அமிலத்தில் உருத்துலக்கம். குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் 1851-ல் வெளியிட்ட முறை இது.

● கண்ணாடியில் படம் இன்னும் துல்லியமாக விழும். ஆனால் அதற்கான ஈரக் கொலோடியன் முறையில் தகட்டில் மருந்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அந்த அவகாசம் இன்னும் சுருங்கும். மெழுகுத்தாளைச் சில நாள் முன்னதாகவே தயார் செய்து எடுத்துப் போகலாம். கனமில்லை, உடையாது. மாட்டுவண்டிப் பயணத்துக்கு அதுதான் தோது.

● அன்று படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வழக்கமில்லை. நெகட்டிவ் எவ்வளவு பெரியதோ, படமும் அவ்வளவுதான். டிரைப்பின் பெரிய படங்கள் ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். அப்படியானால் அந்த அளவுத் தாளை உள்ளே வைக்கும் கேமராப் பெட்டி எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

● ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் ஒளி வேண்டும். நடந்து போகிறவர் படத்தில் பதியவே மாட்டார். அதனால்தான் எப்போதும் ஜனம் நிறைந்திருக்கும் கோயில் வீதிகள் அவர் படங்களில் வெறிச்சோடிக் கிடக்கின்றன. அசையாமல் நின்றவர்கள் மட்டுமே தங்கினார்கள்.

● அவர் படங்களில் தெரியும் மேகங்களில் பல வானத்தில் இருந்தவை அல்ல! அந்தக் கால மருந்து நீல ஒளிக்கு மிதமிஞ்சி வினைபுரியும்; வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பச்சைக்கு அது அசையாது. மரங்கள் கரிக்கட்டையாகத் தெரியும். டிரைப் தூரிகையை எடுத்தார். நெகட்டிவின் மேல் நிறமியைத் தீட்டி வானத்தில் மேகம் வரைந்தார், இலைகளில் வெளிச்சம் வைத்தார். கோபுரத்தின் விளிம்பும் வானமும் சந்திக்கும் இடத்தை எவ்வளவு பொறுமையாகத் தீட்டியிருக்கிறார் என்பது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

மாகாணத்தின் புகைப்படக்காரர்

● கோயில்களையும் பழஞ்சின்னங்களையும் வரைபவர்களைக் கொண்டு பதிவுசெய்ய நாளும் பணமும் அதிகம் ஆயின. கேமராவைப் பயன்படுத்துங்கள் என்று கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் மாகாண அரசுகளுக்கு யோசனை சொன்னார்கள். பம்பாயில் தாமஸ் பிக்ஸ் என்ற ராணுவ அதிகாரிக்கு அந்த வேலை. சென்னை மாகாணத்தில் 1856-ல் டிரைப் நியமிக்கப்பட்டார்.

● 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து தெற்கே புறப்பட்டார். வடக்கே பெருங்கிளர்ச்சி இன்னும் ஓயவில்லை. கம்பெனி ஆட்சியே ஆட்டம் கண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் ஒரு கம்பெனி அதிகாரி தெற்கே கோயில் கோயிலாகக் கேமராவோடு போய்க்கொண்டிருந்தார்.

● ராயக்கோட்டை, சேலம் வட்டாரம், திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருவையாறு. அவர் போன ஊர்கள் இவை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனித் தொகுப்பாக 1858-ல் படங்கள் வெளிவந்தன. மதுரைக்கு மட்டும் நான்கு பகுதிகள்.

● அந்தத் தொகுப்புகளில் எழுத்து மட்டுமே அச்சகத்தில் அடித்தது. படங்களைத் தாளோடு சேர்த்து அச்சிடும் வசதி அன்று இல்லை. ஒவ்வொரு பிரதியிலும் ஒவ்வொரு பக்கத்திலும் உண்மையான புகைப்படத்தைக் கையால் ஒட்டினார்கள்.

● இரட்டைப் படங்களும் எடுத்தார். ஒரே காட்சியைச் சற்றே விலகிய இரண்டு கோணங்களில் எடுத்து, அதற்கென்று உள்ள கண்ணாடி வழியே பார்த்தால் தூண்கள் முன்னும் பின்னுமாக ஆழத்தோடு எழுந்து நிற்கும். மதுரையும் திருச்சியும் தஞ்சையும் 160 ஆண்டுகளுக்கு முன்பே முப்பரிமாணத்தில் பார்க்கக் கிடைத்தன.

மதுரையில் என்ன எடுத்தார்?

● மீனாட்சி கோயில், புது மண்டபம், தெப்பக்குளம், திருமலை நாயக்கர் அரண்மனை. புது மண்டபத்தின் உட்புறப் படம் இன்றும் வியக்க வைக்கிறது. மின்விளக்கு இல்லாத காலம். பக்கவாட்டிலிருந்து வரும் பகல் வெளிச்சம் மட்டும்தான். தூண் வரிசையின் நடுவே கேமராவை நேர்க்கோட்டில் நிறுத்தி, இருபுறமும் சிற்பத் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்வாங்கிப் போவதைக் காட்டியிருக்கிறார்.

● திருமலை நாயக்கர் அரண்மனையை இன்று நாம் பழுதுபார்க்கப்பட்ட கோலத்தில் பார்க்கிறோம். அந்தப் பெரிய பழுதுபார்ப்பு 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் காலத்தில் நடந்தது. டிரைப் அதற்கு முன்பே வந்து போய்விட்டார். சிதைந்து கிடந்த அரண்மனையில் எது பழையது, எது பிற்காலத்தில் கட்டியது என்று அறிய அவர் படங்கள் சாட்சி சொல்கின்றன.

தஞ்சையில் பத்தொன்பது அடி

● டிரைப்பின் ஆகப்பெரிய சாதனை தஞ்சையில் நடந்தது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாகக் கல்வெட்டு ஓடுகிறது. அதை 1858-ல் 21 படங்களாக எடுத்து, ஓரத்தோடு ஓரம் ஒட்டி, ஒரே நீளச் சுருளாக்கினார். நீளம் சுமார் 19 அடி!

● சாதாரணமாக அகன்ற காட்சியை எடுப்பவர்கள் ஒரே இடத்தில் நின்று கேமராவைத் திருப்புவார்கள். கல்வெட்டுக்கு அது உதவாது. ஓரத்து எழுத்துகள் சாய்ந்தும் சிறுத்தும் போகும். டிரைப் சுவருக்கு இணையாகக் கேமராவையே நகர்த்திக்கொண்டு போனார். ஒவ்வொரு முறையும் சுவரிலிருந்து அதே தூரம், அதே உயரம், அதே நேர்ப்பார்வை. ஒன்று தவறினாலும் அடுத்த படத்தின் வரியோடு இந்தப் படத்தின் வரி பொருந்தாது. பெரிய பெட்டிக் கேமராவோடு, எடுத்த படம் சரியா தவறா என்பதைக் கழுவிப் பார்த்த பிறகே அறியக்கூடிய காலத்தில், 21 முறை இதைச் செய்திருக்கிறார்.

● அப்போது தஞ்சை எப்படி இருந்தது? கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசின்றி இறந்தார். அரசைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அரசு கைமாறிய மூன்றாம் ஆண்டில் டிரைப் அங்கே நின்றார்.

● பெரிய கோயிலைக் கட்டியவர் ராஜராஜ சோழன் என்று இன்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். டிரைப் படம் எடுத்தபோது அது அறிஞர்களுக்கும் உறுதியாகத் தெரியாது! 1886-ல் சென்னை அரசின் கல்வெட்டு ஆய்வாளராக வந்த ஹுல்ஷ் அந்தக் கல்வெட்டுகளைப் படித்த பிறகே அது நிலைபெற்றது. யார் பெயர் அதில் இருக்கிறது என்று தெரியாமலேயே அந்த எழுத்துகளை ஒருவர் அவ்வளவு கவனமாகப் பதிவுசெய்தார்.

● அந்தக் கல்வெட்டில் என்ன இருக்கிறது? தான் கொடுத்தவை, தன் தமக்கை கொடுத்தவை, தன் தேவியர் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை அனைத்தையும் கல்லில் வெட்டுங்கள் என்று ராஜராஜன் இட்ட ஆணை இருக்கிறது. கொடை தந்தவர் பெயர் எதுவும் மறைந்துவிடக் கூடாது என்பது மன்னனின் எண்ணம். கல்லில் வெட்டியதைக் காகிதத்திலும் ஏற்றி அந்த எண்ணத்துக்கு இரண்டாவது காவலைத் தந்தார் டிரைப்.

எழும்பூரில் அமராவதி

● கிருஷ்ணை ஆற்றங்கரையில் உள்ள அமராவதியின் பௌத்தத் தூபியிலிருந்து ஏராளமான சுண்ணாம்புக்கல் சிற்பங்களை வால்டர் எலியட் என்ற அதிகாரி 1845-ல் தோண்டி எடுத்தார். அவை சென்னைக்கு வந்து வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1858-ல் டிரைப் அவற்றைத் துண்டு துண்டாகப் படம் எடுத்தார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் பெயரிலேயே அந்தத் தொகுப்பு வெளிவந்தது.

● மறு ஆண்டே, 1859-ல், அந்தச் சிற்பங்களில் பெரும்பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது. இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. சென்னையில் இருந்தபோது அவை எந்த நிலையில் இருந்தன என்பதற்கு டிரைப்பின் படங்களே ஆதாரம்.

● லண்டனிலும் அவை பல ஆண்டுகள் ஒரு வண்டிக் கொட்டகையில் கேட்பாரற்றுக் கிடந்தன. கட்டடக் கலை வரலாற்று அறிஞர் ஜேம்ஸ் ஃபெர்குசன் 1867-ல் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

ஆடம்பரச் செலவு!

● 1859-ல் சார்லஸ் ட்ரெவெல்யன் சென்னை ஆளுநராக வந்தார். கிளர்ச்சியை அடக்கிய செலவில் கஜானா காலியாகியிருந்தது. புகைப்படப் பிரிவு அவர் கண்ணில் பட்டது. இன்றைய நிதி நிலைக்கு இது ஆடம்பரம் என்று சொல்லி மூடச் சொல்லிவிட்டார். நியமனம் கிடைத்து நான்கு ஆண்டுகூட முழுதாக ஆகாத நிலையில் டிரைப்பின் வேலை முடிந்தது.

● சில ஆண்டுகளிலேயே அதே சென்னை அரசு மறுபடி ஒரு புகைப்படக்காரரைத் தேடியது. 1867–68-ல் எட்மண்ட் டேவிட் லயன் என்பவரை அமர்த்தி மதுரை, தஞ்சை, ஸ்ரீரங்கம் என்று அதே கோயில்களுக்கு அனுப்பியது. தேவையில்லை என்று நிறுத்திய வேலையை அரசே மீண்டும் காசு கொடுத்துச் செய்தது.

● டிரைப் அதன்பின் கேமராவை ஏறக்குறைய விட்டுவிட்டார். 1870-களில் படையிலிருந்து ஓய்வுபெற்றார். மேஜர் ஜெனரல் என்ற கௌரவப் பதவி கிடைத்தது. பிறந்த டெவன்போர்ட்டிலேயே 1902-ல் காலமானார். அவர் பெயரை நிலைநிறுத்தியது முப்பதாண்டுக்கு மேல் நீண்ட ராணுவ வாழ்க்கையும் ஓய்வுக் காலமும் அல்ல. 1854-க்கும் 1860-க்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளின் உழைப்பு.

● இந்தியத் தொல்லியல் துறையின் தொடக்கம் 1861. அதற்கு மூன்று ஆண்டு முன்பே தமிழகத்துக் கோயில்கள் முறையாகப் படமாகியிருந்தன.

● 2014–15-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று மூன்று நகரங்களின் பெரிய கலைக்கூடங்கள் டிரைப்புக்கு மட்டுமேயான கண்காட்சியை அடுத்தடுத்து நடத்தின. இறந்து நூறாண்டுக்குப் பிறகு கிடைத்த மரியாதை.

படம் எப்படிச் சாட்சியாகிறது?

● புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களையும் சிலைகளையும் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்துச் சேர்த்தது. இன்று அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. டிரைப் தொடங்கிய வேலை அடுத்த நூற்றாண்டில் இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது.

● அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராஜர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருந்தது. கோயிலில் இருந்தபோது எடுத்த புதுச்சேரிப் படங்களை வைத்து ஒப்பிட்டபோது, இது அந்த நடராஜர்தான் என்று உறுதியானது. 2014-ல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. படம் எடுத்து வைத்திருக்காவிட்டால் எதைக் காட்டி நம்முடையது என்று கேட்டிருப்போம்?

இப்போது நாம் செய்யக்கூடியது

● டிரைப்பின் படங்களைப் பார்க்க லண்டன் போக வேண்டாம். விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் ஏராளமான படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. உங்கள் ஊர் அதில் இருக்கலாம். தேடிப் பாருங்கள்.

● கல்வெட்டைப் படம் எடுக்க நடுப்பகல் வெயில் ஆகாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு உளிவெட்டிலும் நிழல் தங்கும்; எழுத்து எழுந்து நிற்கும். சுவருக்கு நேராக நில்லுங்கள். ஓர் அடிக்கோலை ஓரத்தில் வையுங்கள். நீளமான கல்வெட்டென்றால் ஒரு படத்தின் கடைசி எழுத்துகள் அடுத்த படத்திலும் வரும்படி நகர்ந்து நகர்ந்து எடுங்கள். தஞ்சையில் டிரைப் நகர்ந்ததும் இப்படித்தான்.

● திருப்பணி தொடங்கும்போது பல ஊர்களில் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு ஏறுகிறது, மணல் வீச்சில் எழுத்து தேய்கிறது, தளம் உயர்த்தும்போது அடித்தளமே புதைந்துபோகிறது. போன எழுத்து திரும்பி வராது. உங்கள் ஊர்க் கோயிலில் அடுத்த குடமுழுக்குக்கு நாள் குறிக்கும் முன், நாலு பேர் சேர்ந்து தூண்தூணாக, சுவர்சுவராகப் படம் எடுத்து, ஊர் பெயரும் தேதியும் எழுதி, பிரதிகளை இரண்டு மூன்று இடத்தில் பத்திரப்படுத்துங்கள். இன்று எல்லார் சட்டைப்பையிலும் கேமரா இருக்கிறது. இதற்கு அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை.